மாமன் மகனை எழுதாத கேஸ் ஷீட்

நரம்பியல் துறைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களிடம், நான் ஜெயித்த ஒரு கேஸைப் பற்றிப் பேசச் சொல்லிக் கேட்டார்கள். ஜெயித்ததைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. ஓய்வு பெற்ற பிறகும் நினைத்து நினைத்து நானே சிரித்துக்கொள்கிற கேஸ் ஒன்று இருக்கிறது. அதைத்தான் சொல்லப்போகிறேன். ஆனால் அது, என் கையெழுத்தில் நானே எழுதிய ஒரு தப்பான வரியில் தொடங்குகிறது. "குடும்பத்தில் வேறு எவருக்கும் இல்லை" என்பது அந்த வரி.

நான் எப்படிப்பட்டவள் என்று உங்கள் சீனியர்கள் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். கோபக்காரி. வார்டில் நுழைந்தால் நர்ஸுகள் ஸ்டூலை எல்லாம் சுவரோரம் தள்ளிவைப்பார்கள். நோயாளிகளிடம் நான் கோபப்பட்டதில்லை, அவர்களைப் பார்க்க வருகிறவர்களிடம்தான் என் கோபம் எல்லாம். எங்கள் கொங்குப் பக்கம் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம், மொத்தமும் வேன் பிடித்து வந்துவிடும். இளநீர்க் குலை, சாத்துக்குடிப் பை, டிபன் கேரியர் எல்லாம் கட்டிலுக்கு அடியில் வந்து சேரும். படுத்திருப்பவரைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றுகொண்டு, அவருக்குக் கேட்கும்படியாகவே, "முகமே மாறிப்போச்சுங்க" என்பார்கள். நான் அவர்களைத் துரத்துவேன்.

இன்னொன்றும் என்னிடம் இருந்தது, பெருமை. நான் இந்த மண்ணில் பிறந்தவள், இந்த ஜனங்களிடம் எதை எப்படிக் கேட்டால் பதில் வரும் என்று எனக்குத் தெரியும் என்கிற பெருமை. பரம்பரை நோய் இருக்கிறதா என்று கேட்க வெளியூரில் படித்து வந்த டாக்டர்கள் அரை மணி நேரம் தாள் தாளாகக் குடும்ப மரம் வரைந்துகொண்டிருப்பார்கள். நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். "உங்க கூட்டத்துல யாருக்காச்சும் கை கால் இழுத்திருக்குங்களா?"

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கூட்டம் என்பது அப்பன் வழியாக வருவது. ஒரே கூட்டத்தார் எல்லாரும் பங்காளிகள், அண்ணன் தங்கை முறை. அவர்களுக்குள் பெண் எடுக்க மாட்டார்கள். கூட்டத்தைப் பற்றிக் கேட்டால் நாலு தலைமுறை தடையில்லாமல் வரும். யார் யாருக்குப் பங்காளி, எந்தப் பங்காளி கிணற்று மேட்டில் விழுந்து செத்தார், யாருக்குச் சர்க்கரை என்று கொட்டுவார்கள். இரண்டே நிமிடத்தில் நான் அந்த வரியை எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் தங்கவேல் வந்தார். இருபத்தெட்டு வயது. பம்ப் செட் செய்கிற ஒரு பட்டறையில் லேத் ஓட்டுபவர். ஊர் அந்தியூர்ப் பக்கம், வேலைக்காகச் சரவணம்பட்டியில் வாடகை வீட்டில் குடியிருந்தார். நெடுநெடுவென்று உயரம், நீள நீளமான விரல்கள், சோடாபுட்டிக் கண்ணாடி. வலது கையும் காலும் விழுந்திருந்தன. அந்த ஒரு வருடத்தில் அது இரண்டாவது தாக்குதல். அதைவிட அவர் மனைவி சாந்தாமணியைப் பயமுறுத்தியது வேறொன்று.

"கணக்கு மறக்குதுங்க டாக்டரம்மா" என்றார் சாந்தாமணி. "மைக்ரோமீட்டரைக் கண்ணுல பார்க்காமயே கையில தடவி அளவு சொல்றவருங்க. இப்ப ஒண்ணு ரெண்டு மூணு எண்ணச் சொன்னா ஏழுல நின்னுக்கறாருங்க."

சிரிக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள், அவர் நிஜமாகவே ஏழில் நின்றார். எட்டு என்கிற எண்ணைத் தேடுவதுபோல் என் முகத்தையே பார்த்தார்.

கோயமுத்தூருக்கு எம்.ஆர்.ஐ. மெஷின் வந்து அப்போது அதிக நாள் ஆகவில்லை. படத்தை விளக்குப் பலகையில் மாட்டியபோது நானும் எங்கள் மூளை அறுவை நிபுணரும் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். மூளையின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குச் செய்தி கொண்டுபோகிற நரம்பு இழைகளை வெண்பொருள் என்கிறோம். வெகு நாள் பிரஷர் இருந்து எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அதில் திட்டுத் திட்டாகச் சேதம் தெரியும். இந்த இளைஞருக்கு அப்படித் தெரிந்தது. பிரஷர் இல்லை, சர்க்கரை இல்லை, பீடி சிகரெட் இல்லை. கேஸ் ஷீட்டில் ஏற்கெனவே நான் எழுதியிருந்தேன், குடும்பத்தில் எவருக்கும் இல்லை என்று. சின்ன வயதில் கண்ணில் ஆபரேஷன் ஆனதாக அவர் சொன்னதையும் "சிறுவயதில் கண்புரை" என்று எழுதி முடித்திருந்தேன்.

இரத்தக் குழாய்களில் அழற்சியாக இருக்கலாம் என்று நினைத்தோம். இரண்டு வாரம் ஸ்டீராய்டு கொடுத்தோம். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் எங்கள் சர்ஜன் சொன்னார்: "மண்டையோட்டுல சின்னதா ஒரு துளை போட்டு, ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்துடலாம்மா. வேற வழி எனக்குத் தெரியலை."

எனக்கும் தெரியவில்லை. ஒப்புக்கொண்டேன். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஆபரேஷன் என்று முடிவானது. சாந்தாமணியிடம் கையெழுத்து வாங்கியதும் நான்தான். அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு, "தலையைத் தொறந்தா மிச்சம் இருக்கறதும் போயிருமுங்களா?" என்று கேட்டார். போகாது என்றேன். உறுதியாகத்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேன் வந்தது.

தலையில் ஆபரேஷன் என்று கேள்விப்பட்டு அந்தியூரிலிருந்து பதினாலு பேர் வந்து இறங்கியிருந்தார்கள். நான் வார்டுக்குள் நுழைந்தபோது தங்கவேலின் கட்டில் கண்ணுக்கே தெரியவில்லை. எனக்கு உச்சிக்கு ஏறிவிட்டது. "இது ஆஸ்பத்திரியா, கல்யாண மண்டபமா? ரெண்டு பேர் தவிர எல்லாரும் வெளியே போங்க!" என்று கத்தினேன். எங்கள் ஜனங்கள் மரியாதைக்காரர்கள். ஒருவர்கூட எதிர்த்துப் பேசவில்லை. "சரிங்க, சரிங்க, போயிர்றமுங்க" என்று ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். ஒருவர் மட்டும் கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். "உங்களுக்குத் தனியாச் சொல்லணுங்களா?" என்று அவரிடம் இன்னொரு தடவை கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு மெல்ல வெளியே போனார்.

வார்டு காலியானது. நான் நிம்மதியாகத் தங்கவேலின் நாடியைப் பிடித்தேன். சாந்தாமணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"கோவிச்சுக்காதீங்க டாக்டரம்மா. அவரு எங்கண்ணன் நல்லசாமிங்க. வேணும்னு நிக்கலீங்க. அவருக்கும் ரெண்டு வருசமா ஒரு கால் இழுத்துக்கிச்சு. அதான் மெதுவாத்தான் நடப்பாருங்க."

நாடியை விட்டுவிட்டேன்.

"அவருக்கும்னா? என்ன வயசு அவருக்கு?"

"முப்பத்திரண்டுங்க."

"ஏம்மா சாந்தாமணி, நான் உங்ககிட்ட எத்தனை தடவை கேட்டேன்? குடும்பத்துல யாருக்காச்சும் கை கால் இழுத்திருக்கான்னு கேட்டேனா இல்லியா?"

சாந்தாமணி என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் குரலில் பயமும் இல்லை, குற்றமும் இல்லை. "நீங்க இவரு கூட்டத்துலதானுங்க கேட்டீங்க. எங்கண்ணன் வேற கூட்டமுங்களே."

அந்த நிமிடத்தில் எனக்கு ஏற்பட்டதை அவமானம் என்றுதான் சொல்ல வேண்டும். கேள்விக்கு அவர்கள் சரியாகத்தான் பதில் சொல்லியிருந்தார்கள். கேள்வி என்னுடையது. கல்யாணமானதும் பெண் புருஷனுடைய கூட்டத்துக்குப் போய்விடுகிறாள். அவள் பெற்ற பிள்ளைகளும் அந்தப் பக்கத்துக் கணக்குதான். அம்மா வழி ஆட்கள், அத்தை பெற்ற பிள்ளைகள், மனைவியின் உடன்பிறந்தவர்கள் எல்லாரும் என் ஒரே கேள்விக்கு வெளியே நின்றார்கள். நானும் கல்யாணமாகி வேறு கூட்டத்துக்குப் போனவள்தான். கல்யாணப் பத்திரிகையில் என் கூட்டம் மாறியது, ஆனால் என் அப்பாவின் சர்க்கரை வியாதி மட்டும் விடாமல் என் கூடவே வந்துவிட்டது. அது தெரிந்தும் இத்தனை வருடம் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சாந்தாமணியை ஸ்டூலில் உட்காரவைத்துத் தாளை எடுத்தேன். இந்தத் தடவை கூட்டம் என்ற சொல்லையே எடுக்கவில்லை. யார் யாருக்குப் பிறந்தார், யார் யாரைக் கட்டினார், அதை மட்டும் கேட்டேன்.

"எங்க மாமியா எங்கப்பனோட கூடப்பொறந்தவங்க" என்றார் சாந்தாமணி. "எங்கம்மா எங்க மாமனாரோட கூடப்பொறந்தவங்க. பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்ததுங்க. நானு இவருக்குச் சொந்த மாமன் மகதானுங்க."

இரண்டு வீடுகள், இரண்டு கூட்டங்கள். அந்த வீட்டுப் பெண் இந்த வீட்டுக்கு வந்தாள், இந்த வீட்டுப் பெண் அந்த வீட்டுக்குப் போனாள். தாளில் வரைந்து பார்த்தால், இரத்தக் கணக்கில் தங்கவேலும் நல்லசாமியும் ஏறக்குறைய அண்ணன் தம்பிகள். அப்பனிடமிருந்து ஒரு பழுதான மரபணு, அம்மாவிடமிருந்து அதே பழுதான மரபணு, இரண்டும் ஒரு பிள்ளையிடம் சேர்ந்தால்தான் வருகிற நோய்கள் இருக்கின்றன. அந்த நோய்களுக்கு இதைவிடத் தோதான குடும்பம் கிடையாது.

"உங்கண்ணனும் இவராட்டவே உயரமுங்களா? கண்ணாடி போட்டிருக்காருங்களா?"

"ஆமாங்க. ரெண்டு பேருக்கும் சின்னதுலயே கண்ணு போச்சுங்க. ஒரே கேம்ப்புலதான் ஒட்டுக்கா ஆபரேசன் பண்ணுனாங்க."

உயரம், நீள விரல்கள், சின்ன வயதிலேயே கண், இளம் வயதில் பக்கவாதம். புத்தகத்தில் ஒரு பக்கத்தில் படித்துவிட்டு, பரீட்சை எழுதிவிட்டு, மறந்துபோயிருந்த பெயர் எனக்கு நினைவுக்கு வந்தது. ஹோமோசிஸ்டினூரியா. நாம் சாப்பிடுகிற புரதத்திலிருந்து உண்டாகும் ஒரு பொருளை உடம்பு உடைக்கத் தெரியாமல் இரத்தத்தில் சேர்த்துவைத்துக்கொள்ளும். அது இரத்தக் குழாய்களைக் கெடுக்கும், இரத்தத்தை உறையவைக்கும், கண்ணின் லென்ஸை இடம்பெயர்க்கும். அவர்களுக்கு வந்தது புரையே இல்லை, லென்ஸ் நழுவியிருக்கிறது. இப்படிப்பட்டவரைப் பட்டினி போட்டு, மயக்க மருந்து கொடுத்து, அறுவை செய்தால் இரத்தம் எங்கே வேண்டுமானாலும் உறையலாம். நாங்கள் நாளைக் காலையில் செய்யவிருந்தது அதைத்தான்.

சர்ஜன் வீட்டுக்குப் போன் செய்தேன். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனால் பேச்சில் ஒருபோதும் அதைக் காட்டியதில்லை. முழுக்கக் கேட்டுக்கொண்டார். "நல்ல யோசனைதான். ஆனா யோசனையை வெச்சு நான் கேஸைத் தள்ளிப்போட மாட்டேன். அந்தப் பையன் நாளுக்கு நாள் கீழ போயிட்டிருக்கான். காலைல ஏழு மணிக்கு நான் கை கழுவுவேன். அதுக்குள்ள எனக்கு ஒரு கலர் காட்டுங்க" என்றார்.

நோய் உள்ளவரின் சிறுநீரில் மருந்தைக் கலந்தால் சிவப்பாக நிறம் மாறுகிற பழைய சோதனை அது. எங்கள் லேப்பில் அதைச் செய்யத் தெரிந்தவர் ஸ்டெல்லா ஒருவர்தான். அதற்கு வேண்டிய சயனைடு அலமாரியின் சாவியும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வீட்டில் பிரியாணி சாப்பிட உட்கார்ந்தவரை அழைத்து வந்தேன். கட்டியிருந்த பட்டுப்புடவைக்கு மேலேயே வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு சோதனை செய்தார்.

தங்கவேலின் சிறுநீர் மஞ்சளாகவே இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் ட்யூபையே பார்த்துக்கொண்டு நின்றோம். இன்னொரு தடவை செய்தார். அப்போதும் மஞ்சள்தான்.

"நெகட்டிவ்தான் டாக்டர்" என்றார் ஸ்டெல்லா. "என் மருந்துல தப்பு இல்லை. வேணும்னா நாளைக்கு வேற பாட்டில் தொறக்கறேன். ஆனா எனக்குத் தெரிஞ்சு இது நெகட்டிவ்தான்."

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். நம் யோசனைக்கு எதிராக ஒரு சோதனை வந்தால் இரண்டு வகையான முட்டாள்தனம் செய்யலாம். சோதனையை அப்படியே நம்பி யோசனையைக் குப்பையில் போடலாம். இல்லையென்றால் யோசனை மேல் உள்ள ஆசையில் சோதனையைத் தப்பு என்று சொல்லலாம். இரண்டும் செய்யாமல், இந்த ட்யூபுக்குள் வந்து சேர்வதற்கு முன்னால் அந்தச் சிறுநீருக்கு என்னென்ன நடந்தது என்று யோசிப்பதுதான் வேலை. நான் மருந்துச் சீட்டை எடுத்து முதல் நாளிலிருந்து படித்தேன். எல்லாம் என் கையெழுத்து. மூன்றாம் நாள் ஓர் ஊசி எழுதியிருந்தேன். அன்றைக்குச் சாந்தாமணி கேட்டிருந்தார். "வெகு துவண்டு போயிட்டாருங்க, ஒரு சத்து ஊசி போடுங்க டாக்டரம்மா" என்று. இந்த ஊரில் சத்து ஊசி போடாத டாக்டரை டாக்டராகவே மதிக்க மாட்டார்கள். கெடுதல் ஒன்றும் இல்லையே என்று நானும் எழுதிவிட்டேன். பி-காம்ப்ளெக்ஸ், தினமும் ஒன்று, இரண்டு வாரத்துக்கு மேலாக.

அந்த ஊசியில் பி-6 இருக்கிறது. இந்த நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு பி-6 தான் மருந்தே! அது உடம்பில் ஏறினால் இரத்தத்தில் சேர்கிற அந்தப் பொருள் குறைந்துவிடும். அப்படியானால் ட்யூப் மஞ்சளாகத்தான் இருக்கும். நோயும் தெரியாமல், மருந்தும் தெரியாமல், நாங்களே வைத்தியம் செய்து எங்கள் கண்ணையே மறைத்துக்கொண்டிருந்தோம்.

இது சரியா என்று பார்க்க ஊசி போடாத ஓர் உடம்பு வேண்டும். அந்த உடம்பை ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால் நான்தான் கத்தி வெளியே அனுப்பியிருந்தேன்.

வேன் கிளம்பிவிட்டது என்று செக்யூரிட்டி சொன்னார். போகிற வழியில் சரவணம்பட்டி வீட்டில் துணிமணி எடுத்துக்கொண்டு போவதாகச் சொன்னார்கள் என்றார் சாந்தாமணி. அவரை என் பழைய காரில் ஏற்றிக்கொண்டு சத்தி ரோட்டில் ஓட்டினேன். நான் நல்ல டிரைவர் இல்லை. சாந்தாமணி வழி நெடுக முன்னால் இருந்த பிடியை விடவே இல்லை.

வேன் நின்றிருந்தது. என்னைக் கண்டதும் பதினாலு பேரும் எழுந்துவிட்டார்கள். மறுபடியும் திட்டுவதற்காக வீடு வரை தேடி வந்துவிட்டேன் என்றே நினைத்திருப்பார்கள். நான் நேராக நல்லசாமியிடம் போனேன். "ஏனுங்க, நான் பேசுனது தப்புங்க. மன்னிச்சுக்கங்க. உங்களாலதான் உங்க மாப்பிள்ளையக் காப்பாத்த முடியும்னு நினைக்கிறேன். எனக்கு நீங்க வேணும்" என்றேன்.

அவர் என்ன செய்ய வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. சாந்தாமணியின் அம்மாதான் குறுக்கே வந்தார். "எதா இருந்தாலும் மொதல்ல காப்பி குடிங்க அம்மணி. ஊட்டுக்கு வந்தவங்க ஒண்ணும் குடிக்காம போறதுங்களா?" நேரமில்லை என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை. நின்றுகொண்டே, வாய் பொசுங்கப் பொசுங்க, அந்தக் காப்பியைக் குடித்தேன். அப்புறம்தான் நல்லசாமியின் கையில் பாட்டிலைக் கொடுக்க முடிந்தது.

அவர் உள்ளே போனார். பத்து நிமிடம் ஆனது, பதினைந்து நிமிடம் ஆனது. ஒறம்பரை மொத்தமும் வாசலில் காத்திருந்தது. கடைசியில் காலிப் பாட்டிலோடு வெளியே வந்தார். "இத்தனை பேரு நின்னா வர மாட்டீங்குதுங்க" என்றார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பேசாமல் அவரையே காரில் ஏற்றிக்கொண்டேன். சாந்தாமணியின் நாலு வயது மகள் கிருத்திகா, ஊரில் பாட்டியிடம் விட்டிருந்து இப்போது வேனில் கூட வந்திருந்த குழந்தை, அம்மாவைக் கண்ட பிறகு விட மாட்டேன் என்று அவளும் ஏறிக்கொண்டாள். அந்த ராத்திரி நல்லசாமி எங்கள் வார்டிலேயே தங்கி, விடிகாலையில் முதல் சிறுநீரைப் பிடித்துக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை ஆறரை மணி. ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே, கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்த மேஜையில் ஸ்டெல்லா ட்யூப் ஸ்டாண்டை வைத்தார். தங்கவேலைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். தலை மழிக்கப்பட்டிருந்தது. சர்ஜன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து நின்றார்.

ஸ்டெல்லா சொட்டு மருந்தை விட்டார். நல்லசாமியின் சிறுநீர் ஒரு நொடி சும்மா இருந்தது. அப்புறம் மேலே இருந்து கீழே வரை பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் போல் சிவந்தது.

சர்ஜன் குனிந்து ட்யூபைப் பார்த்தார்.

"இது மச்சானோடது" என்றார் சர்ஜன். "மாப்பிள்ளையோடது நேத்து மஞ்சளா இருந்துச்சு. மச்சான் மூத்திரத்தை வெச்சு மாப்பிள்ளை தலையை விட்டுடச் சொல்றீங்களா?"

"பத்து நாள் குடுங்க சார். சத்து ஊசியை நிறுத்தறேன். தண்ணி நிறையக் குடுக்கறேன், பக்கத்துலயே இருந்து பார்த்துக்கறேன். அப்பவும் மஞ்சளா இருந்தா நீங்க துளை போடுங்க, நானே வந்து பக்கத்துல நிக்கறேன். இன்னைக்குப் போட்டா, எனக்குத் தெரிஞ்சே தப்புப் பண்ணுன மாதிரி."

"பத்து நாள்ல இன்னொரு அட்டாக் வந்தா?"

"என் பேர்ல எழுதிக்கங்க."

அப்படிச் சொல்லும்போது எனக்குத் தைரியமா என்றால், இல்லை. ஆனால் அந்த ஆபரேஷனில் ஆபத்து தெரிந்தது, லாபம்தான் தெரியாதது என்பதால், அன்றைக்கு அதைச் செய்யக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. சர்ஜன் அந்த ட்யூபை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இன்னொரு முறை பார்த்தார். எடுத்த சோப்பைத் திரும்பக் கிண்ணத்தில் வைத்தார். "வார்டுக்குத் தள்ளிட்டுப் போங்கப்பா" என்றார். அவ்வளவு பெரிய மனுஷர் தன் முடிவை எங்கள் எல்லார் முன்னாலும் மாற்றிக்கொண்டார். நான் பார்த்த ஆபரேஷன்களில் அவர் செய்யாமல் விட்ட அந்த ஆபரேஷன்தான் எனக்கு இன்றைக்கும் பெரிது.

எட்டாம் நாளே தங்கவேலின் ட்யூபும் சிவந்தது. வெளியூரில் ஒரு பெரிய லேப்புக்கு அனுப்பிய இரத்தமும் அதையே சொன்னது. பி-6 மாத்திரை, கூட ஃபோலிக் ஆசிட். மருந்துக் கடையில் கேட்டால் சில்லறைக்கு அள்ளிக் கொடுக்கிற மாத்திரைகள். நான் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானுங்களா?" என்று சாந்தாமணி இரண்டு தடவை கேட்டார்.

இரண்டு பேருக்கும் அதற்குப் பிறகு ஒரு தாக்குதல்கூட வரவில்லை. வெண்பொருளில் ஏற்கெனவே விழுந்த திட்டுகள் போகவில்லை, போகாது. ஆனால் புதிதாக ஒன்றும் விழவில்லை. மூன்றாவது மாதம் தங்கவேல் என் அறைக்குள் வந்து உட்கார்ந்தார். நான் கேட்காமலேயே ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார். எட்டு, ஒன்பது, பத்து என்று போய், இருபதைத் தாண்டி, நான் போதும் என்று சொல்லியும் நிறுத்தாமல் ஐம்பது வரை எண்ணினார். வேகம் முன்போல் வரவில்லை. ஆனாலும் அந்த வருடமே பட்டறைக்குத் திரும்பி, லேத்துப் பக்கத்தில் நின்றார்.

ஆனால் நான் இந்தக் கேஸை ஜெயித்தேன் என்று சொல்வது அதற்காக இல்லை.

தங்கவேலின் ட்யூப் சிவந்த அன்றைக்கே சாந்தாமணி கிருத்திகாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தார். நான் வரைந்த தாளை அவர் நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார். "இவருகிட்ட ரெண்டும் கெட்டது. எங்கண்ணன்கிட்டயும் ரெண்டும் கெட்டது. அப்ப எங்கிட்ட ஒண்ணாச்சும் இருக்குமுங்களே?" என்றார். இருக்கலாம் என்றேன். "அப்ப எம்புள்ளைக்கும் பாருங்க. எதா இருந்தாலும் எனக்குத் தெரியோணும்."

பார்த்தோம். குழந்தையின் ட்யூபும் சிவந்தது.

சாந்தாமணி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "அழாதீங்க அம்மணி. உங்கண்ணனுக்குக் கால் போன பொறவு வந்தோம். இவருக்குக் கை போன பொறவு வந்தோம். இவளுக்கு இன்னும் ஒண்ணுமே ஆகலை. கண்ணுகூட நல்லா இருக்கு. நாம முந்திக்கிட்டோம்" என்றேன். அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. மாத்திரையை ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை என்பது மட்டும் தெரியும்.

கிருத்திகாவுக்குப் பத்து வயது ஆனபோது ஒரு தடவை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தோம். படம் கைக்கு வந்ததும் நானே விளக்குப் பலகையில் மாட்டினேன். சாந்தாமணி என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். புருஷனுடைய படத்தையும் அண்ணனுடைய படத்தையும் பார்த்துப் பார்த்து, எங்கே எது இருக்கும் என்று அவருக்கு அத்துபடி. ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்துத் தேடிக்கொண்டே போனார். கடைசிக் கட்டம் வரை போய்விட்டுத் திரும்பவும் முதலில் இருந்து தேடினார்.

"ஏனுங்க டாக்டரம்மா, இதுல ஒண்ணுமே காணமுங்களே?"

"ஒண்ணுமே இல்லை அம்மணி" என்றேன்.